மெதுவாப் போங்கம்மா

பட்டறை வாசலில் 'நவீன வாகன நோயறி மையம்' என்று பலகை தொங்கியது. அதற்குக் கீழே ஒரு ஸ்டெதாஸ்கோப் படம். வரைந்தவருக்கு ஸ்டெதாஸ்கோப் கைவராததால் அது பெட்ரோல் போடுகிற குழாய் மாதிரி இருந்தது. அதுவும் பொருத்தம்தானே என்று யாரும் குறை சொல்லவில்லை. பட்டறைக்காரரைத் தெருவே டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. கேலியாக ஆரம்பித்த பேர் அது. அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டதால், ஐந்தாறு வருஷத்தில் பட்டமாகிவிட்டது. பல பட்டங்கள் அப்படித்தான் வந்து சேர்கின்றன.

டாக்டர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொள்வார். கோட்டில் எண்ணெய் படாது, ஏனென்றால் எண்ணெய் படுகிற வேலையெல்லாம் மச்சினனுடையது. மனைவியின் தம்பி. வண்டிக்கு அடியில் படுத்தபடியே அக்கா புருஷனைக் கிண்டல் செய்யும் உரிமை அவனுக்கு உண்டு. சம்பளத்தில் ஒரு பகுதியாக அதை அவன் எடுத்துக்கொண்டிருந்தான்.

அந்தத் தெருவில் வெள்ளைக் கோட்டுப் போடுகிறவர்கள் இரண்டே பேர். இன்னொருத்தி எதிர்வரிசையில் மருந்துக்கடை வைத்திருப்பவள். அவள் அதற்குப் படித்திருந்தாள். வேறு வித்தியாசம் எதுவும் இல்லை. சாலையைக் கடக்கும்போதெல்லாம், "என்ன டாக்டரே, இன்னிக்கு எத்தனை ஆபரேஷன்?" என்பாள். "உங்க மாத்திரையால ஆகாதது எல்லாம் இங்கதாம்மா வருது," என்பார் டாக்டர். இருவருக்கும் அதில் ஒரு சந்தோஷம்.

அன்று காலை அவள் கார் பட்டறையின் ஓரத்தில் நின்றிருந்தது. எஞ்சின் ஆயில் மாற்றுவதற்காக முந்தின நாள் விட்டுப்போனது. ஆயில் மாற்றியாகிவிட்டது. சாயந்திரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள்.

ஒன்பதரைக்குத் தலைவர் வந்தார். எதற்குத் தலைவர் என்று கேட்டால் ஏழு சங்கங்களின் பேரைச் சொல்வார். எட்டாவது சங்கம் அன்று பதினொரு மணிக்கு அவருக்குப் பாராட்டு விழா எடுக்கவிருந்தது. அழைப்பிதழை அவரே அச்சடித்து அவரே கொடுத்திருந்தார்.

"மருத்துவரே," என்றார் தலைவர். நான்கு பேர் மட்டும் இருக்கும் இடத்திலும் அவருக்கு மேடைத் தமிழ்தான் வரும். "எனது வாகனம் ஊருக்குள் மெதுவாக ஓடும்போது ஒழுங்காக ஓடுகிறது. நின்றால் நடுங்குகிறது. சிவப்பு விளக்கில் நிற்கையில் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒரு பொதுப்பணியாளனின் வாகனம் நடுங்கலாமா?"

"பயந்திருக்கும்ங்க," என்றது வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல். "எத்தனை மீட்டிங்குக்குத்தான் வெளிய நின்னு கேக்கும்."

டாக்டர் கண்ணால் அதட்டிவிட்டு பானெட்டைத் திறந்தார். எஞ்சின் இருமலை அடக்கிக்கொண்டு பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பவனைப் போல விட்டுவிட்டுக் குலுங்கியது. ஸ்கேனரைச் சொருகினார். மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் ஆகிறது என்று வந்தது. டாக்டர் தற்பெருமைக்காரர்தான். ஆனால் வேலை தெரிந்தவர். ஸ்கேனர் வீட்டைத்தான் காட்டும், திருடனைக் காட்டாது என்பது அவருக்குத் தெரியும். மூன்றாவது சிலிண்டரில் பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலைக் கழற்றி முதலாவதில் போட்டார், முதலாவதின் காயிலை மூன்றாவதில் போட்டார். வண்டியை மறுபடி ஓடவிட்டதும் மிஸ் மூன்றிலிருந்து ஒன்றுக்குக் குடிபோனது. திருடன் காயில்தான். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோது ரப்பர் காலுக்கு மேல் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் அந்த வழியாகக் கசிந்துகொண்டிருந்தது.

"காயில் மாத்தணும்ங்க. நாளைக்குக் காலையில வந்துரும்."

"நாளைக்கு எனக்கு விழா கிடையாது மருத்துவரே," என்றார் தலைவர். "இன்றைக்குத்தான்."

டாக்டரின் பார்வை ஓரத்தில் நின்ற காரின் பக்கம் போயிற்று. அதே கம்பெனி, அதே டர்போ எஞ்சின், நிறம் மட்டும் வேறு. 'சும்மா போட்டுப் பார்ப்போம்' என்று சொல்லிக்கொண்டுதான் அதிலிருந்து ஒரு காயிலைக் கழற்றினார். எந்தப் பட்டறையிலும் செய்கிற சோதனைதான். நல்ல வண்டியின் பாகத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிடுவார்கள். தலைவரின் கார் அதை மாட்டியதும் பூனை மாதிரி அடங்கி ஓடியது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "உங்களைப் பற்றி மேடையில் இரண்டு வார்த்தை சொல்கிறேன்," என்றார். அந்த இரண்டு வார்த்தையில் டாக்டர் விழுந்தார். கார் வாசலைத் தாண்டிப் போயிற்று.

"மச்சான், அது மருந்துக்கடை வண்டியோட காயில்," என்றான் மச்சினன்.

"தெரியும்டா. நாளைக்குப் புதுசு வந்ததும் போட்டுரலாம். அவங்க வாரத்துக்கு ஒரு நாள் எடுத்தா அதிகம்."

"அப்ப அதுவரைக்கும் அந்த எடம் காலியாவே இருக்கட்டும். பானெட்டத் திறந்தே போட்டுடறேன்."

"கஸ்டமர் வண்டி பிரிச்சுப்போட்ட மாதிரி கிடந்தா பாக்கறவன் என்ன நெனைப்பான்? இது என்ன காயலான் கடையா?"

விரிசல் விட்ட காயிலுக்கு டேப்பைச் சுற்றி அவள் காரில் மாட்டி, பானெட்டை மூடி, துணியால் துடைத்தும் வைத்தார். அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தால் கார் உறுமித் தள்ளாடியிருக்கும், யாராக இருந்தாலும் ஏன் என்று கேட்டிருப்பார்கள். மரியாதைக்காக மூடப்பட்ட பானெட் அது.

பத்தே முக்காலுக்கு அவள் ஓடி வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"டாக்டரே, வண்டி ரெடியா? அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம். அண்ணன் போன் பண்ணாரு. என்னையே கேட்டுட்டு இருக்காங்களாம்."

அவள் அம்மா அண்ணனோடு வேறு ஊரில் இருந்தார். மூன்று மணி நேரப் பயணம். அவள் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். டேப் சுற்றிய காயில், ஆறிய எஞ்சின். சத்தம் ஒழுங்காகத்தான் இருந்தது. மச்சினன் வண்டிக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டி அக்கா புருஷனைப் பார்த்தான்.

சொல்லியிருக்கலாம். 'உங்க காயில் தலைவர் வண்டியில போயிருச்சும்மா, டாக்ஸி பிடிச்சுப் போங்க' என்று சொல்ல ஐந்து விநாடி போதும். டாக்டர் அந்த ஐந்து விநாடியில் அவளுடைய கார்க் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஜன்னலோரம் குனிந்து, "மெதுவாப் போங்கம்மா," என்றார்.

பன்னிரண்டே முக்காலுக்குப் போன் வந்தது. "டாக்டரே, மேடு ஏறும்போது தடதடன்னு ஆடிச்சு. மஞ்ச லைட்டு மின்னி மின்னி எரிஞ்சுது. இழுக்கவே இல்ல. இப்ப நின்னுருச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

என்ன நடந்தது என்று டாக்டருக்குக் கண்ணால் பார்த்தது மாதிரி தெரிந்தது. மேட்டில் டர்போ சிலிண்டருக்குள் காற்றைத் திணிக்கும். அந்த அழுத்தத்தில் பொறி பறக்க அதிக வோல்ட் வேண்டும். சூட்டில் டேப் இளகிப்போன விரிசல் காயிலால் ஆகாது. அது ஆறினாலும் அடுத்த மேட்டில் மறுபடி படுத்துவிடும்.

"சூடாகியிருக்கும்மா," என்றார். "ஆஃப் பண்ணி ஒரு அரை மணி நேரம் ஆறவிடுங்க."

அவள் அரை மணி நேரம் ஆறவிட்டாள். அதன்பின் கார் ஒன்றரைக் கிலோமீட்டர் போயிற்று.

மூன்றாம் நாள் மருந்துக்கடையின் ஷட்டரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. தாயார் மறைவை முன்னிட்டு விடுமுறை. டாக்டர் சாலையைக் கடந்து போய் அதை முழுக்கப் படித்தார். நாலே சொல் இருந்த காகிதம். படிக்க நெடுநேரம் ஆயிற்று.

புதுக் காயில் சொன்னபடி மறுநாளே வந்திருந்தது. பெட்டியின் மேல் மச்சினன் மார்க்கர் பேனாவால் 'தலைவர்' என்று எழுதி அலமாரியில் வைத்திருந்தான். தலைவரும் ஒரு நாள் வந்து போனார். வண்டி தேன் மாதிரி ஓடுகிறதாம். மேடையில் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லையாம். "சிறப்பு விருந்தினர் தாமதம், மருத்துவரே. பதினொரு மணி விழா ஒரு மணிக்குத்தான் தொடங்கிற்று. காரிலேயே ஏ.சி. போட்டு உட்கார்ந்திருந்தேன். துளி நடுக்கமில்லை."

பன்னிரண்டாம் நாள் அவள் காரை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கினார்கள். மச்சினன் காயிலை உருவி, டேப்பைப் பிரித்துக் குப்பையில் போட்டான்.

"காயில் செத்துப்போச்சுன்னு சொல்லிடு மச்சான். அது பொய் இல்ல. எல்லா வண்டியிலயும் சாவறதுதானே."

"ம்."

"அவ்வளவுதான். அதுக்கு மேல அவங்களும் கேக்க மாட்டாங்க."

அவள் மத்தியானம் வந்தாள். கோட்டு இல்லாமல் வேறு யாரோ போல இருந்தாள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"என்ன கோளாறுன்னு பாத்தீங்களா டாக்டரே?"

"காயில் போயிருச்சும்மா. மூணாவது சிலிண்டர்ல."

"அது எதனால போகும்?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். இத்தனை நாளும் யாரிடமாவது சொல்லிப் பார்க்க வைத்திருந்தது போல இருந்தது அந்தப் பேச்சு.

"இருபது நிமிஷம், டாக்டரே. நான் போய்ச் சேர்றதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி. அதுவரைக்கும் வாசலைப் பாத்துட்டே இருந்தாங்களாம். வந்துட்டாளா, வந்துட்டாளான்னு. அண்ணன் எங்கூடப் பேசறதில்ல. கண்ணுமண்ணு தெரியாம ஓட்டியிருப்பா, வண்டியக் கெடுத்திருப்பான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. சொல்லட்டும். உண்மைதானே. நீங்க மெதுவாப் போகச் சொன்னீங்க. நான்தான் கேக்கல. மேட்டுல ஒரு லாரி முன்னாடி போச்சு, தாண்டணும்னு மிதிச்சேன். மிதிக்காம இருந்திருந்தா போய்ச் சேந்திருப்பேன், இல்ல?"

மச்சினன் கையிலிருந்த ஸ்பானரை ஓசைப்படாமல் கீழே வைத்தான்.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அவளே எழுதிக்கொண்டுவந்த சீட்டு, டாக்டர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அந்தக் கையெழுத்தோடு அவள் மீதி வாழ்நாளை ஓட்டிவிடுவாள்.

டாக்டர் ஸ்கேனரை எடுத்துச் சொருகினார். கோளாறு வந்த அந்த நொடியில் வண்டி எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்பதை எஞ்சினின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்துக்கொள்ளும். திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இங்க பாருங்கம்மா. வேகம் அறுபத்திரண்டு. நீங்க கண்ணுமண்ணு தெரியாம ஓட்டல. அந்த மேட்டுல நானே எழுபதுல போவேன்."

"அப்பறம் ஏன் நின்னுச்சு?"

"அது உங்க காயில் இல்ல."

சொன்னார். தலைவரின் நடுக்கத்தில் ஆரம்பித்து, டேப், துடைத்து மூடிய பானெட் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, அதையும் சொன்னார். "ஆறவிடச் சொன்னேன் இல்லம்மா, அரை மணி நேரம். ஆறினாலும் போகாதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். உடனே வேற வண்டி பிடிச்சுப் போங்கன்னா, ஏன்னு கேப்பீங்கன்னு."

அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. அரை மணி நேரம், இருபது நிமிஷம். மாத்திரை எண்ணிப் பழகிய மனசு, இரண்டாவது தடவையும் எண்ணிப் பார்த்தது.

"அந்த விழா நல்லா நடந்துச்சா?" என்று கேட்டாள்.

"லேட்டாத்தான் ஆரம்பிச்சுதாம். ஒரு மணிக்கு."

"நான் ரோட்டுல நின்னுட்டு இருந்தப்ப."

"ஆமாம்மா. அவரு வண்டியும் அப்ப நின்னுட்டுத்தான் இருந்துருக்கு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் டாக்டருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். கைப்பையிலிருந்து போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி நீட்டினாள்.

"அண்ணன்கிட்ட சொல்லுங்க."

போனை எடுத்தால் 'நோயறி மையம், டாக்டர் பேசுறேன்' என்று ஆரம்பிப்பது அவர் வழக்கம். அந்தப் பக்கம், "யாரு?" என்று ஒரு கரகரத்த குரல் கேட்டது.

"உங்க தங்கச்சி காரைப் பாக்கற மெக்கானிக்ங்க," என்றார்.

மறுபடி முதலிலிருந்து சொன்னார். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். இல்லை. "எத்தனை வேகத்துல போயிருக்கா?" என்று கேட்டது அந்தப் பக்கத்துக் குரல்.

"அறுபத்திரண்டுங்க."

"சரி." தொடர்பு அறுந்தது.

"என்ன சொன்னாரு?"

"சரின்னாரும்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அவருக்கு அதுவே அதிகம்," என்று போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, 'தலைவர்' என்று எழுதிய பெட்டியைப் பிரித்தார். மச்சினன் கை நீட்டினான். கொடுக்கவில்லை. தானே குனிந்து காயிலைச் சொருகி, போல்ட்டை முடுக்கி, ஸ்கேனரில் கோளாறுப் பதிவை அழித்து, வண்டியை ஓடவிட்டார். எஞ்சின் சீராக ஓடியது. பானெட்டை மூடப் போனவர் அவளைப் பார்த்தார். "மூடுங்க," என்றாள்.

போகும்போது எப்போதும், "வரேன் டாக்டரே," என்பாள். அன்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனாள்.

தெருமுனைச் சிக்னலில் கார் நின்றது. பட்டறை வாசலிலிருந்து இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு பச்சையாயிற்று. கார் நகரவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான், அப்புறம் இன்னொருவன்.

"மறுபடியும் மிஸ் ஆகுதா மச்சான்?"

"இல்லடா," என்றார் அவர். "வண்டி நல்லாத்தான் இருக்கு."