எழுபது நிமிஷக் கணக்கு

மலைநாட்டார் இன்னும் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போவதற்கு ஒரே காரணம் அவர்களுக்குக் கணக்குத் தெரியாததுதான் என்று மடவளை அரூஸ், கம்பளையில் கல்யாண வீட்டுக் கதிரையில் சாய்ந்தபடி அறிவித்தான்.

"ரத்மலானையில பிளேன் ஏறினா பலாலியில எறக்கம். எழுபது நிமிஷம். நீங்க மடியில சிலிசிலி பையும் மூக்குல தேசிக்காயும் வெச்சிக்கொண்டு வாந்தி எடுத்து எடுத்து வாங்க. நான் முன்னுக்கே வந்து நிப்பேன்."

மாப்பிள்ளை கணேஸ் சிரித்தான். பெண் யாழ்ப்பாணம், கல்யாணமும் அங்கேதான், படம் எடுப்பது கூட்டாளி அரூஸ். கணேஸின் தாய் பாலம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய கல்யாணத்துக்கு ஒரு படம்கூட இல்லை. படக்காரன் வந்து சேருமுன் தாலி ஏறிவிட்டது.

"பதினொன்னு அஞ்சோட முகூர்த்தம் முடியுது தம்பி. எம் மகன் தாலி கட்டுறது படத்துல விழணும். பேசாம எங்களோடயே வந்துருங்களேன்."

"அம்மா, நான் கணக்குப் போட்டுத்தான் பேசுறேன்."

அவள் கமெராப் பையின் ஓர அறையில் புளிப்பு மணக்கும் ஒரு தேசிக்காயைச் செருகினாள்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தில் அரூஸின் கணக்குப் பிழைக்கவில்லை. அவன்தான் இரண்டிலும் இல்லாமல் மடவளையில் இருந்தான். யாழ்ப்பாணம் வடக்கே இருக்க, முதல்நாள் பகலே தெற்கே புறப்பட்டான். பஸ்ஸில். மூன்று பஸ். அவன் ரத்மலானையில் அறை எடுத்துச் சோறும் தின்று முடித்த பிறகுதான் கம்பளையில் கல்யாண பஸ் புறப்படத் தேங்காய் உடைத்தார்கள்.

காலை ஏழரை விமானம் மேகம் கலையட்டும் என்று ஒன்பது வரை நின்றது. கணேஸ் ஃபோன் எடுத்தான்.

"எங்கடா இருக்க? நாங்க குளிச்சு இட்லியும் சாப்ட்டாச்சு."

"மேல போனா எழுபது நிமிஷம்தான் மச்சான்."

"எப்படா மேல போவ?"

போனான். சரியாக எழுபது நிமிஷம்; அதில் எவரும் குறை சொல்ல முடியாது. இறங்கியதும், வெளிவாசல் வரை கொண்டுபோய் விட ஒரு பஸ் நின்றது. அரூஸ் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"எத்தினை மணிக்குத் தம்பி தாலி?" என்றார் ஆட்டோக்காரர்.

"பதினொன்னு அஞ்சுக்குள்ள."

"ஓம், இறுக்கிப் பிடியும்."

பதினொன்று மூன்றுக்கு மண்டபத்துக்குள் பாய்ந்தான். பாலம்மா மணவறைப் பக்கம் இல்லை, வாசலில் நின்றாள். அவனைக் கண்டதும் ஐயரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். மேளம் கொட்டியது. கணேஸ் முடிச்சுப் போட்ட மூன்று தரமும் படத்தில் விழுந்தது. மூன்றாவதில், மணவறைக்கு ஓடிவந்து மகன் பின்னால் நின்ற பாலம்மாவும் விழுந்தாள், வாய் நிறையச் சிரிப்போடு.

"பார்த்தீங்களா அம்மா, கணக்கு," என்றான் அரூஸ், மூச்சு வாங்க.

"ஆமா தம்பி. எனக்குத்தான் மயக்கம் வரப் பாத்துச்சு."

திரும்பும் விமானம் மூன்று நாள் கழித்துத்தான். மடவளையிலோ மறுநாள் ஒரு நிக்காஹ், அதற்கும் அவன்தான் படம். பின்னேரம் கல்யாண பஸ் உறுமியபோது, "ரோட்டு எப்படி ஈக்குதுன்னும் ஒருக்காப் பார்க்க வேணும்தானே," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஏறி, ஜன்னலோரம் பிடித்தான்.

பாலம்மா வாந்திக்கென்று சீட்டுச் சீட்டாகச் சிலிசிலி பை கொடுத்துக்கொண்டு வந்தாள். அரூஸ் வெளியே பனைமரங்களைக் கவனமாகப் பார்த்தபடி ஒரு கையை நீட்டினான். மற்றக் கை, கமெராப் பையின் ஓர அறையைத் துழாவிக்கொண்டிருந்தது.