நீல மூடிக்குள் தீர்த்தம்

ஆவூர் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் இன்னாசியின் புது லாரியை மந்திரித்துச் சக்கரங்களில் தீர்த்தம் தெளித்தார். சவுதியில் பதினொரு வருஷம் ஊரார் லாரியை ஓட்டி இன்னாசி வாங்கிய சொந்த வண்டி. முதல் லோடு அன்றைக்கே கீரனூரில் காத்திருந்தது.

மீதித் தீர்த்தம் பாட்டிலில் இருந்தது. டீசலில் தண்ணீர் சேரக்கூடாது என்று தெரியாதவரா இன்னாசி? டீசல் டேங்க்குக்குப் பக்கத்திலிருந்த நீல மூடியைத் திறந்து, ஆசீர்வாதம் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்று அதில் ஊற்றினார்.

அவருடைய அக்கா மகள் பிரின்சி வேதியியல் படித்தவள். கீரனூரில் லாரி சர்வீஸ் சென்டரில் வேலை. கூட்டத்தில் வாய் திறக்க மாட்டாள். இன்னாசி சாவியை எடுத்ததும் திறந்தாள்.

“மாமா, சாவியப் போடாதீங்க.”

“ஏன் பிள்ள, வேதக்காரங்களுக்கும் ராகுகாலம் வந்துருச்சா?”

“அது யூரியாக் கரைசல் டேங்க். பொகையச் சுத்தம் பண்றது. வேற எதுவும் சேரக்கூடாது.”

“வேற எதுவுமா? தீர்த்தம்! இதவிடச் சுத்தம் எது?”

பிரின்சி சாமியாரைப் பார்த்தாள். “ஃபாதர், உப்பு போட்டீங்களா?”

“போட்டேம்மா. மந்திரிச்ச உப்பு. ஒரு பிடி.”

உப்பில் இருப்பது சோடியம்; ஒரு கிலோ கரைசலில் அது அரை மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்று பிரின்சிக்குத் தெரியும்.

“இப்பவே கரைசல எறக்கிட்டா நஷ்டம் டேங்க்கோட போச்சு மாமா. ஓட்டுனா உப்பு பொகைக்குழாய்ல படிஞ்சு மொத்தத்தையும் மாத்தணும்.”

“மொத நாளே ஆசீர்வாதத்த எறக்கச் சொல்றியா?”

சாவி இன்னாசியின் கையிலேயே இருந்தது.

“ஆசீர்வாதம் வண்டிக்கு. டேங்க்குக்கு இல்ல,” என்றார் சாமியார். “எறக்குங்க. ஆனா தீர்த்தத்தக் கால் படுற எடத்துல ஊத்தக்கூடாது. வேப்பமரத்துக்கு ஊத்துங்க.”

“அப்படியே ஊத்துனா மரம் கருகிரும் ஃபாதர். ஒரு குடத்துக்கு அம்பது குடம் தண்ணி கலக்கணும்.”

இன்னாசி சட்டையைக் கழற்றினார்.

டேங்க்கின் அடித் திருகைக் கழற்றி இறக்கியது கால் மணி நேரம். குடம் சுமந்தது மூன்று மணி நேரம். வளாகத்தில் இருந்த எல்லா மரத்துக்கும் பங்கு கிடைத்தது. கீரனூர் லோடு வேறு லாரியில் போய்விட்டது.

பிரின்சி புதுக் கரைசல் வாங்கி வந்து டேங்க்கை இரண்டு முறை அலசி நிரப்பினாள். இன்னாசி சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்தன. எல்லாம் அணைந்தன.

இன்னாசி இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“ஒண்ணுமே ஆகலையே. இதுக்கா இத்தன பாடு?”

“ஆமா மாமா,” என்றாள் பிரின்சி.