புருல்சா வீட்டுத் துத்துன்

புருல்சாவின் விறகு அடுப்பைப் பெயர்த்து நகராட்சி லாரியில் ஏற்றிய பிறகும் அவள் வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்துகொண்டுதான் இருந்தது. லாரிக்காரன் கூரையைப் பார்த்தான், பின்னால் கிடந்த அடுப்பைப் பார்த்தான், சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அன்று அரை நாள்தான் வேலை.

எங்கள் ஊர் கராபெல், நாலு பக்கமும் மலை வைத்த கிண்ணம். குளிர்காலத்தில் ஊர் விறகுப் புகையெல்லாம் போக வழியில்லாமல் கூரைகள்மேல் குந்திக்கொள்ளும்; குழந்தைகள் பேசுவதற்கு முன்பே இருமக் கற்றார்கள். ஒழுங்குபடுத்த வேண்டியதுதான். ஆனால் கிர்கிஸ் மொழியில் புகைக்கும் குடும்பத்துக்கும் சொல் ஒன்றுதான்: துத்துன். இதை மறந்துவிட்டு, புகைக் கட்டுப்பாட்டுக் குழுத் தலைவர் செயித்காசி, “பழைய துத்துன்கள் அகற்றப்படும், புதியவற்றுக்கு மட்டும் அனுமதி” என்று அறிவிப்பில் முத்திரை குத்தி ஒட்டிவிட்டார். பழைய குடும்பங்கள் மெத்தைகளைச் சுருட்டி வாசலில் வைத்தன. புதிதாகக் கல்யாணமானவர்கள் மட்டும் நிம்மதியாக டீ குடித்தார்கள். பிறகு சதுக்கத்தில் மின்சார அடுப்பு வழங்கும் விழா. ரிப்பனை வெட்டி சுவிட்சைப் போட்டதும் ஊர் முழுக்க மின்சாரம் போயிற்று. தலைவர் உரை மட்டும் தடைபடவில்லை.

புருல்சா புருஷனை இழந்தவள். ஒரே மகன் எசென்பாய் சைபீரியாவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அவன் போன் குறைந்து, பிறகு நின்றே போனது. அன்றிலிருந்து கோடையிலும் அவள் அடுப்பை அணையவிட்டதில்லை.

“நெருப்ப எடுத்துட்டா வீடே அழிஞ்சுபோச்சுன்னு நெனச்சு அவன் திரும்பிப் போயிட்டான்னா என்ன தம்பி பண்றது?” என்று, அடுப்பைப் பெயர்க்க லாரியோடு வந்த செயித்காசியிடம் கேட்டாள்.

“புகையப் பாத்துத்தானா அக்கா உன் மகன் வருவான்? போன்ல மேப் இருக்கே.”

“உன் போன்லயும்தான் மேப் இருக்கு. போன வாரம் யார் வீட்டுக் கல்யாணம்னே தெரியாமப் போய் உக்காந்து ஆட்டுக்கறி தின்னுட்டு வந்தியே.”

லாரிக்காரன் சிரித்ததால் செயித்காசி அடுப்போடு விறகையும் ஏற்றச் சொன்னார்.

தலைநகரிலிருந்து வந்த அளவுக் கருவி அந்தப் புகையில் ஒன்றுமே இல்லை என்றது. ஜூனிபர் விறகின் வாசனை மட்டும் தெருமுனை வரை அடித்தது. புகைபோக்கியின் வாயை சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். சிமெண்ட் வழியாகவே வந்தது. அனுமதியில்லாத புகைக்கு அபராதம் போட்டார்கள். எதிர்க்காற்று அடித்தாலும் அது வடக்கே, சைபீரியா பக்கமாகவே சாய்ந்து நின்றது. புருல்சா மின்சார அடுப்பின்மேல் ஈரக் காலுறைகளைக் காயப்போட்டாள். மின்சாரம் இல்லாததால் அவை காயவில்லை.

மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு காலை, புகை சாய்வதை விட்டு நேராக நின்றது. புருல்சா கறுப்புத் துணியால் தலையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினாள். சேதி வராமல் அழக்கூடாது என்று பக்கத்து வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். போன் மத்தியானம் வந்தது. எசென்பாய் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்திருந்தான். சவப்பெட்டி வந்து சேர்ந்ததும் முற்றத்தில் கூடாரம் போட்டு அவனை வைத்தார்கள். துக்கத்துக்கு வரும் ஆண்கள் தெருமுனையிலிருந்தே கதறிக்கொண்டு வருவது வழக்கம். செயித்காசியும் வந்தார். “ஐயோ என் தம்பி” என்பதை ஆணை வாசிக்கும் குரலில்தான் தொடங்கினார். கூடாரத்தை நெருங்குவதற்குள் குரல் உடைந்துபோயிற்று. அவருடைய மகள் மாஸ்கோவில் தெருக் கூட்டுகிறாள் என்பது அதுவரை ஊருக்குத் தெரியாது.

பனி உருகுமுன் புருல்சாவும் போய்ச் சேர்ந்தாள். வீட்டைப் பூட்டினார்கள். புகை நிற்கவில்லை, இப்போது இரண்டு இழையாக, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்த ஆண்டு ஆய்வுக்கு வந்த அதிகாரி காரிலிருந்து இறங்காமலே அதைக் காட்டி, அந்த வீட்டில் யார் என்று கேட்டார்.

“ஆள் யாரும் இல்லீங்க” என்றார் செயித்காசி.

“அப்ப அது என்னய்யா?”

“துத்துன்.”

அதிகாரி கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். பிறகு ஊர்க் குடும்பங்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்.