முதலைக் கப்பல்

தாடையைக் கட்ட நீளமான துணி எதுவும் கைக்குச் சிக்காமல் வசந்தி தன் துப்பட்டாவின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். கட்டாமலே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்பா செல்லதுரை உயிரோடு இருந்த காலத்தில் அந்த வாய் சும்மா மூடிக் கிடந்து அவள் பார்த்ததே இல்லை. கடைசியில் மகள் கையால் மூடவேண்டியதாயிற்று.

“சீக்கிரம் கட்டுளா. விறைச்சுட்டா அப்புறம் வளையாது” என்றாள் அம்மா மூக்கம்மாள். அழுகைக்கு நடுவிலும் வேலை சொல்லத் தெரிந்த குரல் அது.

சாயாக்கடையின் இரண்டு பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு சீலைத் திரை. கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு மண்டிக்கும் மிளகு மண்டிக்கும் இடையில் அவ்வளவுதான் இடம். தினமும் அந்தப் பெஞ்சுகளில் உட்கார்ந்து சாயா குடித்தவர்கள் எல்லாம் இன்றைக்கு நின்றுகொண்டிருந்தார்கள். உட்காரும் இடத்தில் அவர் படுத்திருந்தார்.

மிளகுத் தரகர் ரமேஷ்பாபு, வருகிற ஒவ்வொருவருக்கும் காலையில் நடந்ததை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கண்முன்னால்தான் எல்லாம் நடந்தது.

“மருந்து கம்பெனி ஆள் ஒருத்தன் புதுசா வந்தான் கேட்டோ. தமிழ்க்காரன். செல்லதுரைச்சேட்டன் சாயா ஊத்திக் கொடுத்து, பின்னெ எப்பவும்போல அந்த புக்கை எடுத்து நீட்டினாரு. ‘வாசிச்சுப் பாருங்க சார், பிடிக்கலன்னா சாயாவுக்குக் காசு வேணாம்’னு. அவன் கை நீட்டி வாங்கறதுக்குள்ள சேட்டன் அப்படியே பெஞ்சில இருந்துபோயி. அத்ரதன்னெ, அவ்வளவுதான்.”

அந்தப் புத்தகத்தைத் தெரியாதவர்கள் பஜாரில் கிடையாது. வாசித்தவர்களும் கிடையாது.

‘முதலைக் கப்பல்’ என்று பெயர். படக்கதை. குரங்கும் முதலையும் கதைதான் அது. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது சொல்கிற கதை. நாவல் மரத்துக் குரங்கு, பழம் தின்ன வருகிற முதலை, குரங்கின் ஈரலுக்கு நாக்கு ஊறுகிற முதலையின் பெண்டாட்டி. இதை எடுத்து யாரோ ஒரு கெட்டிக்காரர் உலக யுத்தத்துக்கு நடுவில் கொண்டுபோய் வைத்திருந்தார். யார் என்று தெரியவில்லை. எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் அட்டையோடு போய்விட்டன. போட்ட கம்பெனியும் அந்த ஒரு புத்தகத்தோடு கடையைக் கட்டிவிட்டதாகக் கேள்வி.

செல்லதுரை அதை இளவட்டமாக இருந்தபோது தென்காசி பஸ் நிலையத்தில் வாங்கினார். முதல் பக்கத்தில் ஒரு துறைமுகம் வரைந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் கொச்சிக்கே கிளம்பி வந்தாராம். ‘படத்துல இருந்ததவிட நாத்தம் கூடுதல், மத்தபடி எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு’ என்பார்.

அதன்பிறகு சாயா குடிக்க வந்த எவரையும் அவர் சும்மா விட்டதில்லை. தமிழ் தெரிந்தவர்களிடம் புத்தகத்தைக் கொடுத்தனுப்புவார். தெரியாதவர்களிடம் படம் மட்டும் பார்த்தாலே போதும் என்பார். எடுத்துப் போனவர்கள் நாலு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து, “குரங்கு தப்பிச்சிருச்சு, கொள்ளாம், நல்லாருக்கு” என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். “அப்படியா” என்று சிரித்துக்கொண்டே சாயாவுக்குக் காசை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வார். பிடிக்கவில்லை என்று சொல்லி ஓசிச் சாயா குடிக்க ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை. சொன்னால் எந்த இடம் பிடிக்கவில்லை என்று கேட்டுத் தொலைப்பாரே.

வசந்தியும் வாசித்ததில்லை. அவள் படித்தது மலையாளத்தில். தமிழ் எழுத்துகளை அப்பா வடை மடிக்கும் காகிதத்தில் காட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார். கூட்டிக் கூட்டி வாசிப்பாள். “அப்புறமா மெல்ல வாசிக்கறேன்ப்பா” என்று அவள் சொல்லும்போதெல்லாம், “மெல்ல வாசி. அது எங்க போயிரப் போகுது” என்பார். கல்யாணமாகி இடப்பள்ளிக்குப் போய், அங்கே ஒரு துணிக்கடையில் வேலைக்கும் சேர்ந்தபிறகு அந்த மெல்ல என்பதும் நின்றுபோனது.

ஊரிலிருந்து சித்தப்பா சங்கிலிப்பாண்டி வந்து சேர்ந்தபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கொண்டுவந்த கோடித் துணியைப் போர்த்திவிட்டு, ஆகவேண்டியதைக் கவனிக்க ஆரம்பித்தார். விளக்குக்குப் பக்கத்தில் கிடந்த புத்தகம் அவர் கண்ணில் பட்டது.

“ஏளா வசந்தி, இத அண்ணன் நெஞ்சுமேல வச்சிரு. கூடப் போட்டும்.”

வசந்தி புத்தகத்தைக் கையில் எடுத்தாள். ஆனால் வைக்கவில்லை.

“எங்கப்பாவுக்கு வெத்தலப் பெட்டிய வச்சோம். ஆத்தாவுக்குப் பாக்குவெட்டி. ஆசப்பட்டத கூட வச்சு அனுப்பலன்னா அதத் தேடிக்கிட்டு வீட்டையே சுத்தி வருவாவ. இது நம்ம வழக்கம்லா.”

“வேண்டாம் சித்தப்பா. இது இங்க இருக்கட்டும்.”

“நீ வாசிச்சிருக்கியா?”

“இல்ல.”

“ஒங்கம்மைக்கு எழுத்தே தெரியாது. நான் தொட்டதில்ல. வாசிக்க ஆளில்லாத புஸ்தகத்த வச்சு என்னளா செய்யப் போற? இந்தச் சனியனப் பாத்துட்டுத்தான ஊர விட்டு வந்தான். வயலு, வீடு, நான் எல்லாரையும்விட இதுதான் அவனுக்குப் பெருசாப் போச்சு. அதுவே கூடப் போவட்டும்.” அண்ணன் மேல் இத்தனை வருஷம் வைத்திருந்த கோபத்தை இனி வைக்க இடமில்லை. கைக்கு அகப்பட்டது அந்தப் புத்தகம்தான்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வசந்திக்கு அது சுருக்கென்று தைத்தது. புத்தகத்தைக் கொடுக்க மனமில்லை, வைத்துக்கொள்ளத் தகுதியும் இல்லை. அவள் கணவன் விக்கி வண்டி கொண்டுவரத் தோப்பும்படிக்குப் போயிருந்தான். பாலத்தில் நெரிசல் என்று போன் செய்திருந்தான்.

“வண்டி வர்றதுக்குள்ள வாசிச்சுத் தீத்துடறேன் சித்தப்பா. அப்புறமும் வைக்கணும்னா நானே வைக்கறேன்” என்றாள்.

அப்பாவின் தலைமாட்டில் சர்க்கரை டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மனதுக்குள் வாசித்தால் எழுத்து கூடிவரவில்லை. வாய்விட்டுத்தான் வாசிக்க முடிந்தது.

“நா… வல்… மரத்… தீவு. இரவு.”

இழவு வீட்டில் இதென்ன கூத்து என்று திகைத்துத்தான் போனார்கள் எல்லோரும். யாரோ உச்சுக் கொட்டினார்கள். வசந்தி நிமிரவில்லை. படங்களின் பேச்சுக் குமிழுக்குள் இருக்கும் வசனங்கள் நல்லவேளையாகச் சின்னச் சின்னதாக இருந்தன. ரெண்டு பக்கம் தாண்டியதும் நாக்கு பழகிவிட்டது.

குரங்குக்குப் பதில் வேலப்பன் என்றொரு கம்பியில்லாத் தந்திக்காரன். துறைமுகத்தின் வாயிலில் இருக்கும் குட்டித் தீவில் தன்னந்தனியாக, நாவல் மரத்து உச்சியில் கம்பி கட்டிச் செய்தி அனுப்புகிறவன். முதலைக்குப் பதில் எதிரி நாட்டு நீர்மூழ்கிக் கப்பல். அதிலிருந்து ரகசியமாகக் கரையேறுகிற மாலுமி கார்ல், மாதக்கணக்கில் டப்பாச் சாப்பாடு தின்று நாக்குச் செத்தவன். வேலப்பன் மரத்திலிருந்து பழத்தை உலுக்குகிறான். கார்ல் ஊதா நிறப் பல்லைக் காட்டிச் சிரிக்கிறான்.

ரமேஷ்பாபு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, படத்தில் இருப்பதைப் பின்னாலிருப்பவர்களுக்கு மலையாளத்தில் சொல்ல ஆரம்பித்தார். மண்டிச் சுமைக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களும் எப்போது நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. மூக்கம்மாள் ஈ விரட்டும் விசிறியை மடியில் போட்டுவிட்டுக் கேட்டாள்.

கப்பலைச் சுற்றிப் பார்க்கலாம் வா என்று கார்ல் அழைக்கிறான். வேலப்பன் ஏறுகிறான். கப்பல் முங்குகிறது. ஆழத்தில் போனதும் கார்லுக்கு மனது பொறுக்கவில்லை. துறைமுகத்துக் கண்ணிவெடி வரைபடத்துக்காகத்தான் கேப்டன் உன்னைக் கூட்டிவரச் சொன்னார், கிடைத்ததும் உன்னைக் கொன்றுவிடுவார் என்று உடைத்துவிடுகிறான்.

“‘அட, இதை முன்னமே சொல்லக் கூடாதா?’” வசந்தி வாசித்தாள். “‘வரைபடத்தை மரப் பொந்தில் அல்லவா வைத்துவிட்டு வந்தேன்!’”

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“கழிஞ்ஞு, கதை முடிஞ்சது” என்றார் ரமேஷ்பாபு. “இனி குரங்கு மரத்தில ஏறிக்கிட்டு முதலையப் பாத்துப் பழிப்புக் காட்டும்.”

வசந்தி பக்கத்தைப் புரட்டினாள். கப்பல் திரும்பி வந்து மிதக்கிறது. வேலப்பன் கரையில் குதிக்கிறான். மேல்தளத்தில் கார்லின் முதுகில் கேப்டனின் துப்பாக்கி. “‘அவன் திரும்பி வராவிட்டால் குண்டு உனக்கு.’” வேலப்பனின் ஒரு கால் மரத்தில் இருக்கிறது. திரும்பிப் பார்க்கிறான். கார்ல் சொல்கிறான்: “‘ஏறிப் போ, நண்பா.’”

அடுத்த பக்கம் இல்லை.

புத்தகம் பழசு, வால் பிய்ந்து போயிருக்கிறது என்றுதான் அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள். விரலை ஓட்டிப் பார்த்தாள். பிய்ந்த ஓரம் இல்லை அது. பிளேடால் நேராக அறுத்து எடுத்த ஓரம்.

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். குனிந்து, உயிரோடு இருப்பவரிடம் கேட்பதைப்போலவே கேட்டாள்.

“அப்பா, பின்னெ என்ன ஆச்சு?”

அவள் போட்ட முடிச்சு அவர் தாடையில் இறுக்கமாக இருந்தது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. புத்தகத்தை மார்போடு சேர்த்துக்கொண்டு, வெட்கமில்லாமல், சின்னப்பிள்ளை மாதிரி ஓவென்று அழுதாள்.

மூக்கம்மாள் எழுந்து போனாள். தேயிலை டின்களில் மேல்தட்டில் இருந்ததை இறக்கி, உள்ளே கைவிட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய சில தாள்களை எடுத்து வந்தாள்.

“இந்தா. யாராவது கேட்டா குடுக்கணும்னு சொல்லித்தான் தனியா அறுத்து வச்சாவ. குரங்கு கததானன்னு எல்லாரும் அவங்கவங்களே முடிச்சுக்கிட்டாங்க. இத்தன வருசத்துல ஒரு ஆளு கேக்கல.” மூக்கைச் சிந்திக்கொண்டாள். “இன்னைக்குத்தான் ஒரு ஆளு கேட்டிருக்கு.”

ரமேஷ்பாபு தரையைப் பார்த்தார். அந்தப் புத்தகத்தை இரண்டு முறை எடுத்துப்போய் இரண்டு முறையும் வெகுவாகப் புகழ்ந்தவர் அவர்.

வெளியே வண்டி ஹார்ன் அடித்தது. எல்லோரும் சங்கிலிப்பாண்டியைப் பார்த்தார்கள். அவர் புத்தகத்தைக் கேட்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், ஆணியில் மாட்டியிருந்த சாயா வடிகட்டும் துணிப்பையை எடுத்தார். காலையில் போட்ட தேயிலையின் ஈரம் அதில் இன்னும் இருந்தது. ஒருமுறை பிழிந்து உதறி, அண்ணனின் வலது கைக்குள் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

“ம், தூக்குங்கப்பா” என்றார்.

ஆண்கள் போனபிறகு தாயும் மகளும் தரையைக் கழுவினார்கள். தலைமுழுகிவிட்டு வந்து, ஈரத் தலையோடு அடுப்படியில் உட்கார்ந்து வசந்தி கடைசித் தாள்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

“ஒங்கப்பா எத்தன வாட்டி ‘வாசிச்சுச் சொல்லட்டா மூக்கு’ன்னு கேட்டிருக்காவ. எனக்கு எப்பவும் அடுப்பு வேல” என்றாள் மூக்கம்மாள்.

என்ன நடந்தது என்பதை இங்கே சொன்னால் செல்லதுரைக்குப் பிடிக்காது. கடைசிப் படத்தை மட்டும் சொல்லலாம். நாவல் மரத்துக் கிளையில் பக்கத்தில் பக்கத்தில் இருவர் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு பேருமா?” என்றாள் மூக்கம்மாள்.

“ரெண்டு பேரும்மா.”

மூக்கம்மாள் அந்தப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

பொழுது சாயும்போது ஆண்கள் திரும்பினார்கள். பெஞ்சுகள் கழுவிக் காய்ந்து பழைய இடத்துக்கு வந்திருந்தன. இழவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று ரமேஷ்பாபுவின் வீட்டிலிருந்து பெரிய பிளாஸ்கில் சாயா வந்தது. சங்கிலிப்பாண்டி ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தம்ளரைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஏளா, அந்தக் கார்லு பயல சுட்டுட்டானா?”

வசந்தி தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய வாசித்தார். முடித்துவிட்டு இன்னொருமுறை முதலிலிருந்து வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். பிறகு கவரில் சுற்றித் தானே கொண்டுபோய்த் தேயிலை டின்னுக்குள் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வாசலில் ஓர் ஆள் தோல்பையோடு தயங்கி நின்றான். காலையில் வந்த மருந்து கம்பெனிக்காரன்தான். பெயர் சங்கர்ராம், கோயம்புத்தூர் என்றான். “நாள் பூராவும் வேலையே ஓடலீங்க. என்கிட்டப் பேசிக்கிட்டே இருந்தாருங்க, அதான்…” என்று இழுத்தான்.

“உள்ள வாங்க சார், இருங்க” என்று வசந்தி அவனுக்கும் ஒரு சாயா ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு விளக்கின் பக்கத்திலிருந்த புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

“வாசிச்சுப் பாருங்க சார். பிடிக்கலன்னா சாயாவுக்குக் காசு வேணாம்.”

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். முதல் பக்கத்துத் துறைமுகத்தைப் பார்த்தான். நாலு பக்கம் தள்ளிப் பார்த்தான்.

“அட, நம்ம குரங்கு முதலை கதைங்களா? தெரியுமுங்க.”

“அதுதான் சார்” என்றாள் வசந்தி.

சங்கிலிப்பாண்டி எழுந்து போய், தேயிலை டின்னின் மூடியை இன்னொருமுறை அழுத்தி மூடிவிட்டு வந்தார்.