அக்கா ஏறிய மாடி

பேருந்து நடத்துநர் ஓடினால் அவருடைய அக்காவுக்குத்தான் வியர்க்கும். பரம்பரை அப்படி. அவர்களுடைய அப்பா பகல் முழுக்க மூட்டை தூக்கியும் பூசணிக்காய்போல உருண்டையாகவே இருந்தார். தட்டச்சு இயந்திரத்தின் முன் அசையாமல் உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்கோ தோள்கள் புடைத்துச் சட்டைத் தையல் பிரிந்துகொண்டே இருந்தது. இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. உடல்வாகு என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

நடத்துநர் பேருந்துக்குள் நாளெல்லாம் நடந்து தொப்பை வளர்த்தார். வீட்டின் கீழ்த்தளக் கடையில் கைக்கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டு நாற்காலியைவிட்டு எழாத அக்காவுக்குக் கெண்டைக்கால் கருங்கல்லானது. ஒருநாள் நடத்துநர் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டார். பயணிகள் பாதிப்பேர் தள்ள, பாதிப்பேர் இழுக்க, வெளியே வந்தார். அடுத்த உடல் பரிசோதனைக்குள் இளைக்காவிட்டால் பணிமனை வாசல் காவல்தான் என்றார் போக்குவரத்துக் கழக டாக்டரம்மா. விசில் ஊதாத வாழ்க்கையை நடத்துநரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆகவே காலைப் பணி முடிந்ததும் மைதானத்தைச் சுற்றி ஓடினார். மூச்சு வாங்கவே இல்லை. அதைத் தன் திறமை என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஓடினார். ஓடிய தெம்பில் இன்னும் சாப்பிட்டார். அங்கே கடையில் அக்காவின் நெஞ்சு படபடத்து, கையிலிருந்த இடுக்கி துள்ளி, மயிரிழைபோன்ற சுருள்வில் பறந்துபோய் வாடிக்கையாளரின் காபிக்குள் விழுந்தது.

“ஓடுறதை நிறுத்துடா. என் கை நடுங்குது, கடையை மூட வச்சிடுவ போல.”

“நிறுத்துனா என்னைக் கேட்டுல உட்கார வச்சிடுவாங்கக்கா.”

இருவரும் டாக்டரம்மாவிடமே போனார்கள். அவர் தம்பியை உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொல்லிவிட்டு அக்காவின் நாடியைப் பிடித்தார். அது குதிரைபோல ஓடியது. டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “இந்த வீட்டுல சுவிட்சைப் போட்டா அந்த வீட்டுல ஃபேன் சுத்துது. பொறக்கும்போதே இழுத்த வயரிங், மாத்த முடியாது. யார் எந்த சுவிட்சைப் போடணும்னு பாருங்க” என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார்: உடம்பு ஓட்டத்தை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை; பெருக்குவது, தூக்குவது, படியேறுவது எல்லாமே அதற்கு உழைப்புதான். உடற்பயிற்சியும் சட்டைபோல, அவரவர் அளவுக்கு வெட்ட வேண்டும். இவர்கள் விஷயத்தில் தம்பியின் சட்டையை அக்காவின் அளவுக்கு வெட்ட வேண்டும், அவ்வளவுதான்.

“இந்தத் தடியனுக்காக நான் ஓடணுமா?” என்று அக்கா மறுத்துவிட்டார். ஆனால் திருகாணிப் பெட்டியை மொட்டைமாடி அறைக்குக் கொண்டுபோய் வைத்தார். ஒவ்வொரு திருகாணிக்கும் ஒருமுறை ஏறி இறங்கினார். அதுமுதல் நின்றுகொண்டிருக்கும் பேருந்தில் சும்மா நிற்கும் நடத்துநர் திடீரென வியர்த்து நனைவார். “அக்கா மாடியேறுறாங்க போல” என்று பயணிகள் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள். கோபம் வந்தால் திருகாணி தேவைப்படாமலே அக்கா மாடியேறுவார். அன்று டிக்கெட் கிழிக்கும் கை நடுங்கும். நடத்துநரின் இடைவார் துளை துளையாக உள்ளே போனது.

பரிசோதனை நாளன்று எடை சரியாக இருந்தது. கடைசியாக, மருத்துவமனைப் படிகளில் வேகமாக ஏறி இறங்கச் சொன்னார்கள். நடத்துநர் பாட்டு முணுமுணுத்தபடி ஏறினார். கடையில் அக்கா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

பழுதுக்குக் கொடுத்த கடிகாரத்தை வாங்க வந்த பெரியவர் காத்திருந்தார்.

“தம்பி படியேறுறான்” என்றார் அக்கா.

“ஏறட்டும்மா, எனக்கு அவசரமில்லை” என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.