ஒரு சொட்டு ஒழுகாத கூரை

கூரையைப் பற்றி எல்லப்பனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, அவரைக் கேட்டால். ஓடு போட்டால் குரங்கு உடைக்கும். ஆஸ்பெஸ்டாஸ் நெஞ்சுக்கு ஆகாது. கான்கிரீட்டுக்கு வழியில்லை. தகர ஷீட்தான் சரி, அதுவும் நீலக் கலர். கூடலூர்க் கடையில் சொல்லியும் வைத்துவிட்டார். சாயங்காலம் வண்டி வந்துவிடும்.

அன்னக்கிளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருஷமாக அடுப்பெரிக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தகரம் வேணாங்க. மழை பேஞ்சா ஒண்ணும் காதுல விழாது."

"அந்தச் சத்தத்துலதான்டி நல்லா தூக்கம் வரும்," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. போன ஆடியில் பொழுது சாயும் நேரம், இந்தத் தேவாலா ஊரின் கொட்டும் மழையில் யானை தெருவுக்குள் இறங்கியது. எதிர்வீட்டு மாரியாயியைத் தெருவே கத்திக் கூப்பிட்டது. அவள் வீடு மட்டும்தான் தகரம். விறகெடுக்கப் பின்கதவைத் திறந்தாள். யானை அங்கேதான் நின்றது. பிணமாகத்தான் தூக்கினார்கள். ஆம்பளைகள் கூடி நின்று விதி என்றார்கள். தகரத்தை ஏற்றி ஆணி அடித்தது விதியா?

மத்தியானம் மழை கொட்டத் தொடங்கியது.

"ஜீவா வீட்டுல போய் ஒழுகுதான்னு பாத்துட்டு வாங்க," என்றாள். ஜீவா மாரியாயியின் மகன்.

எல்லப்பன் ஜீவா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும், அவள் நடுத்தெருவில் நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"எல்லப்பா! ஏய் எல்லப்பா!"

கட்டின நாள் முதல் அவர் பேரை அவள் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டைத்தான் நீட்டுவாள். ஓட்டு வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பக்கத்துவீட்டு சுகுணா வாயைப் பொத்திக்கொண்டாள். தொண்டை கட்டும்வரை அன்னக்கிளி விடவில்லை. ஜீவா வீட்டுக் கதவு அசையவே இல்லை.

மழை கொஞ்சம் விட்டதும் எல்லப்பன் வெளியே வந்தார், பின்னாலேயே ஜீவா.

"ஒரு சொட்டு ஒழுகல," என்றார். அப்புறம்தான் கூட்டத்தைப் பார்த்தார். "என்னாச்சு?"

சுகுணாதான் சொன்னாள். எல்லப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"தெருவுல நின்னு என்னையப் பேர் சொல்லியா கூப்பிட்ட?"

"மாரியாயியையும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம்," என்றாள் அன்னக்கிளி.

ஜீவா அண்ணாந்து தன் கூரையைப் பார்த்தான்.

"அன்னிக்கு நானும் உள்ளதான் இருந்தேன் அத்தை. எனக்கும் கேக்கல."

எல்லப்பன் சட்டைப்பையில் போனைத் தேடினார், வண்டி கிளம்பியிருக்கக் கூடாதே என்று.