பாதி டேங்கர் தண்ணீர்

எங்கள் கம்பெனியின் தண்ணீர் லாரிகள் தாமாகவே ஓடத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. பதினான்கு வருடம் டேங்கர் ஓட்டிய எனக்கு இரண்டு வழிதான் வைத்தார்கள். ஒன்று, வீட்டில் உட்காருவது. மற்றது, கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் உட்காருவது. வழியில் எந்த லாரியாவது திகைத்து நின்றால், அந்த நாற்காலியில் இருந்தபடியே திரையைப் பார்த்து ஓட்டி அதை மீட்க வேண்டும். ஓட்டாமல் இருந்தால் எனக்குக் கை கால் ஓடாது. அதனால் தேர்வுக்குப் போனேன்.

நாற்காலி ஒன்று, வந்தவர்கள் இருவர். இன்னொருவன் என் கணவரின் தம்பி, இதே கம்பெனியில் டேங்கர் ஓட்டியவன். எப்பேர்ப்பட்ட சந்துக்குள்ளும் பின்பக்கமாகவே நுழைந்து வந்துவிடுவான். அதனால் அவனுக்குப் பெயரே 'ரிவர்ஸ்'.

"அண்ணி, பேசாம விட்டுக் கொடுத்துடுங்க. நான் ஜெயிச்சா தினமும் உங்க வீட்லதான் சாப்பாடு."

"இப்ப மட்டும் எங்கடா சாப்பிடுறே?"

தேர்வு வைத்த இன்ஜினியர் சின்னப் பெண். விதியைச் சொன்னாள்: தவறுக்கு ஒரு சிவப்புப் புள்ளி, இரண்டு வாங்கினால் வெளியே.

முதல் வாய்ப்பு ரிவர்ஸுக்கு. குறுகலான தெருவில் மாட்டிக்கொண்ட லாரியைப் பின்னால் எடுக்க வேண்டும். பழக்கதோஷம், பக்கத்து நாற்காலியின் முதுகில் கையைப் போட்டு, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். பின்னால் சுவர், சுவரில் தீயணைப்புக் கருவி.

"சார், லாரி அந்தப் பக்கம் வரல," என்றாள் இன்ஜினியர். நான் சிரித்த சிரிப்பில் எனக்கே இருமல் வந்துவிட்டது. ஒரு சிவப்புப் புள்ளி. ஆனால் அதற்கப்புறம் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல லாரியை வெளியே கொண்டுவந்தான்.

அடுத்தது நான். நான்காம் நம்பர் டேங்கர் ஆஸ்பத்திரிக்கு இறங்கும் சரிவில் நின்றிருந்தது. 'பின்னால் மோதல்' என்று திரையில் எழுத்து.

"யார் இடிச்சா?"

"யாருமே இல்லக்கா. இந்த இறக்கத்துல மட்டும் அடிக்கடி இப்படிச் சொல்லிட்டு நின்னுடுது. பின்பக்க கேமராவை மூணு தடவை மாத்திட்டோம்."

ஸ்டியரிங்கைப் பிடித்து, லாரியை மெல்ல இறக்கினேன். பிரேக்கில் பாதி அழுத்தி, வழக்கம்போல முதுகில் வரவேண்டிய தள்ளலுக்குக் காத்திருந்தேன். அது வந்த பிறகுதான் மீதியை அழுத்துவேன். பதினான்கு வருடப் பாடம். ஆனால் நாற்காலி எப்படித் தள்ளும்? நான் காத்துக்கொண்டே இருக்க, லாரி உருண்டுகொண்டே போய், நிறுத்தியிருந்த ஒரு பைக்கை முத்தமிடப் பார்த்தது. பதறி மிதித்தேன்.

சிவப்புப் புள்ளி.

"அண்ணி, பைக்காரன் பாவம்!" என்றான் ரிவர்ஸ்.

என் காது அவன் பக்கமே இல்லை. பிடி கிடைத்துவிட்டது. "இதுல தண்ணி எவ்வளவு இருக்கும்மா?"

"பாதி. மீதியை வழியில ஒரு ஸ்கூல்ல இறக்கிட்டு வருது."

"அப்ப இடிச்சது தண்ணிதான்! டேங்க் நிறைஞ்சிருந்தா அசையாது. பாதின்னா, பிரேக் போட்டதும் ஓடிவந்து முன்னால மோதும். வண்டி மொத்தத்தையும் முன்னால ஒரு தள்ளு தள்ளும். மெஷின் அதைத்தான் யாரோ இடிச்சுட்டாங்கன்னு நினைச்சுப் பயந்து நிக்குது."

இன்ஜினியர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"லாரியில மைக் இருக்கா?"

"இருக்கு. இரைச்சல்னு அணைச்சு வச்சிருக்கோம்."

"போடுங்க."

அறை முழுக்க என் லாரி வந்து நின்றது. எஞ்சின் உறுமல், பின்னால் யாரோ பொறுமையிழந்து அடிக்கும் ஹாரன். பைக்கை விட்டு விலகி இறங்கிக்கொண்டே பாதி பிரேக் அழுத்தினேன். ஒன்று, இரண்டு... 'டொம்'. ஆஹா, வந்துட்டியா! மீதியை அழுத்தினேன். குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல லாரியின் வேகம் குறைந்தது. விட்டேன், உருண்டது. மறுபடி பாதி. ஒன்று, இரண்டு, டொம். முதுகு செய்த வேலையை இப்போது காது செய்தது. எப்போது எழுந்து நின்று பார்க்க ஆரம்பித்தான் என்று தெரியாது, ரிவர்ஸும் என்னோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு... ரெண்டு... டொம்! அண்ணி, இன்னொரு தடவை!"

ஆஸ்பத்திரி வாசலில் லாரி துளி குலுங்காமல் நின்றது. காவலாளி ஓடிவந்து கேட்டைத் திறப்பது திரையில் தெரிந்தது. நான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழப் பார்த்தேன்.

"எழுந்திருக்காதீங்கக்கா," என்றாள் இன்ஜினியர். அவள் முகத்திலும் எனக்கிருந்த அதே பரபரப்பு. "ரெண்டாம் நம்பர் டேங்கர் பாலத்து இறக்கத்துல நின்னுடுச்சு. அதுலயும் பாதிதான். நாற்காலி உங்களுது, ஆர்டர் சாயங்காலம் தர்றேன். நீங்க எண்ணுறதை இந்த மெஷினுக்கும் சொல்லிக் கொடுக்கணும், கால் டேங்க், முக்கால் டேங்க் எல்லாம்."

"கால் டேங்குக்கு நாலு எண்ணணும். ஆனா பாலத்துல வேற கணக்கு, நடுவுல ஒரு மேடு இருக்கு."

ரிவர்ஸின் முகம் தொங்கிப் போனது. பிறகு நான் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் காலால் ஓரம் தள்ளி, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"சாப்பாடு எப்படியும் உங்க வீட்லதானே. ஓட்டுங்க அண்ணி, நான் எண்ணுறேன்."

திரையில் பாலம் வந்தது. நான் பாதி அழுத்தினேன்.